கீமோவுக்கு முன் ஆறு மாதம் சாறு குடித்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று வாரத்துக்கு முன் அறுவை சிகிச்சை செய்து கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அடுத்து ஊசியும் மாத்திரையுமாக ஆறு மாதம் கீமோ என்கிறார்கள். இவரோ, "கட்டிதான் போய்விட்டதே, ஆறு மாதம் இயற்கை முறையில் பார்க்கிறேன். சரிவராவிட்டால் கீமோ எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். சர்க்கரை, பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. நாள் முழுக்கப் பழச்சாறும் காய்கறிச் சாறும்தான். கூடவே மஞ்சள் மாத்திரை, முள்ளு சீத்தா இலைக் கஷாயம். உறவினர் ஒருவர் ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 68 கிலோ இருந்தவர் இப்போது 62. டாக்டரிடம் சாப்பாடு பற்றிக் கேட்டால், "எல்லாம் சாப்பிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டில் தினமும் சண்டை. அவர் போக்கில் விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் காலண்டரைப் பாருங்கள். பெருங்குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் கீமோவை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். மூன்று வாரம் போய்விட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் பார்த்தபோது, தொடங்குவது நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுவது தெரிந்தது. சாறு, மாத்திரை, கஷாயம் பற்றியெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் அவகாசம் இல்லை.

நான் புற்றுநோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள். உணவின் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்: உங்கள் கணவர் கேட்கும் ஆறு மாதத்தைக் கொடுக்காதீர்கள்.

"சரிவராவிட்டால்" என்கிறாரே, சரிவரவில்லை என்பது எதை வைத்துத் தெரியும்? கட்டி உள்ளே இருந்தால், சுருங்குகிறதா வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கலாம். அவருக்குக் கட்டியே இல்லை. மூன்றாம் நிலை என்றால் குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்குப் புற்றுசெல்கள் போய்விட்டன என்று அர்த்தம். அங்கிருந்து சில செல்கள் ரத்தத்திலோ கல்லீரலிலோ தங்கியிருக்கலாம். அறுவடை முடிந்த வயலில் மண்ணோடு மண்ணாகச் சிந்திக் கிடக்கும் விதை மாதிரி, முளைக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனும் காட்டாது. அந்தச் செல்களைப் பிடிக்கத்தான் கீமோ. சாறு குடிக்கும் ஆறு மாதமும் அவர் நன்றாகவே இருக்கலாம். உடம்பு லேசாக இருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது என்றுகூடச் சொல்வார். அந்தச் செல்கள் ஒருவேளை வளர்ந்து ஸ்கேனில் தெரிந்தால், அன்றைக்கு அதன் பெயர் நான்காம் நிலை. "அப்போது கீமோ எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் நினைப்பது இன்றைக்குக் கொடுக்கும் கீமோவை அல்ல. இன்று கொடுப்பது நோய் திரும்பாமல் தடுக்க. அப்போது கொடுப்பது, பெரும்பாலும், நோயைக் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்க. இந்த வித்தியாசத்தை அவரிடம் யாராவது பொறுமையாகச் சொன்னார்களா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவர் முடிவில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

கட்டி போன பிறகும் கீமோ வேண்டும் என்பது எப்படித் தெரிய வந்தது? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சார்லஸ் மோர்டல் என்ற மருத்துவர் இருந்தார். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தக் காலத்துக் கீமோவைக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு 1990-இல் முடிவை வெளியிட்டார். இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உங்கள் கணவருக்கு இன்று சொல்லப்படும் சிகிச்சை அதன் வழியில் வந்து, இன்னும் மேம்பட்டது.

இதே மோர்டல்தான், உங்கள் உறவினர் கொடுத்த அந்த ஆப்ரிகாட் பருப்பையும் சோதித்துப் பார்த்தவர். அதிலிருந்து எடுக்கும் லேட்ரைல் என்ற பொருளுக்கு 1970-களில் பெரிய மவுசு இருந்தது. இன்றும் 'வைட்டமின் பி17' என்ற பெயரில் சுற்றுகிறது. அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அவர் அதை ஏளனம் செய்து ஒதுக்கிவிடவில்லை. 178 நோயாளிகளுக்கு அந்த மருந்தோடு, அதை ஆதரித்தவர்கள் சொன்ன மாதிரியே உணவுத் திட்டம், என்சைம், வைட்டமின்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். 1982-இல் முடிவு வந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை, நோயும் நிற்கவில்லை. சிலரது ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. அந்தப் பருப்பு வயிற்றில் செரிக்கும்போது வெளிவருவது சயனைடுதான். ஆகவே அதைப் பற்றி யோசிக்க எதுவுமில்லை, இன்றைக்கே தூக்கி எறியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாதபடி எறியுங்கள்.

வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளை மட்டும் நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களை வைத்துச் செய்தது. மொத்தமாகப் பார்த்தால் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை மட்டும் தனியே எடுத்தால் நான்கரை மடங்கு. அறுவை சிகிச்சையையும் மறுத்தவர்கள் அவர்கள். உங்கள் கணவர் முக்கியமான பாதியை முடித்துவிட்டார். மீதியை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சரி, அவர் ஏன் இப்படி இருக்கிறார்? பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, இந்த வேலையில் அதை அடிக்கடி பார்க்கிறேன். நோய் என்று சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் செய்கிறார்கள். படு என்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், தேதி கொடுக்கிறார்கள். அவர் கையில் மிச்சமிருப்பது தட்டில் என்ன விழ வேண்டும் என்ற ஒன்றுதான். அதையும் டாக்டர் "எல்லாம் சாப்பிடலாம்" என்று தள்ளிவிட்டால், நீ என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று காதில் விழும். உடம்பைக் காப்பாற்ற எதையாவது செய்ய வேண்டும் என்ற அவர் வேகம் தவறில்லை. அந்த வேகத்தைப் பிடுங்காமல் பயனுள்ள வேலைக்குத் திருப்பலாம். அப்படிப்பட்ட வேலை நிறையவே இருக்கிறது.

முதல் வேலை, எடையை நிறுத்துவது. 68-லிருந்து 62 என்றால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் போய்விட்டது. ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். போவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் போகிறது. தசை குறைந்த உடம்பில் கீமோவின் பக்கவிளைவுகள் கூடுதலாக அடிக்கும். மருந்தின் அளவைக் குறைக்கவோ பாதியில் நிறுத்தவோ வேண்டி வரும். பிறகு கீமோவால்தான் இளைத்தார் என்று எல்லோரும் பேசுவார்கள்.

அவருக்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 62 கிலோவுக்கு 62 முதல் 93 கிராம். ஒரு டம்ளர் சாற்றில் ஒன்று, இரண்டு கிராம் இருந்தாலே அதிகம். ஆறு டம்ளர் குடித்தாலும் பன்னிரண்டைத் தாண்டாது. இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு துண்டு மீன் நூறு கிராம் என்றால் 20-க்கு மேல், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 15, தயிர் ஒரு கிண்ணத்தில் 7, ஒரு கைப்பிடி கொட்டைகளில் 6. தானியத்திலிருந்து வருவதையும் சேர்த்தால் எழுபதைத் தொட்டுவிடும். அசைவம் வேண்டாம் என்றால் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பருப்பு, சோயா, தயிர், பன்னீர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், அதே எடைமேடையில் எடையையும் குறித்து வரட்டும்.

சர்க்கரை விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி சரி. புற்றுசெல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கின்றன என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் சாப்பாட்டில் நிறுத்தினால் செல் பட்டினி கிடந்து சாகும் என்பது நடக்காது. மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். எதிலிருந்து? தசையைக் கரைத்து. பட்டினி போட்டால் முதலில் இளைப்பது அவர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. டீயில் போடும் ஒரு கரண்டி சர்க்கரையை நிறுத்திவிட்டு அவர் குடிக்கும் பழச்சாற்றில், ஒரு டம்ளருக்கு 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும். நாரை எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிக்கிறார். பழமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். குடல் தையல் ஆறும் வரை பச்சைக் காய்கறி, முரட்டு நார் எவ்வளவு என்பதை மட்டும் அறுவை சிகிச்சை செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரத்தன்மையுள்ள (அல்கலைன்) உணவு ரத்தத்தை மாற்றும் என்பதையும் அவர் எங்காவது கேட்டிருப்பார். ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-காரத்தன்மையின் அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் இடையில்தான் இருக்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை அசையவிடாது.

மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். சமையலில் போடும் மஞ்சளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரையில் இருப்பது செறிவூட்டிய குர்குமின். உடம்பு அதை எளிதில் ஏற்காது என்பதால் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்த்து விற்கிறார்கள். அந்தப் பைப்பரின் வேறு மருந்துகள் உடம்பில் சேரும் அளவையும் மாற்றக்கூடியது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி 2019-இல் இத்தாலியில் அரசு எச்சரிக்கையே வந்தது. கீமோ நேரத்தில் கல்லீரல் அளவுகள் ஏறினால் அடுத்த டோஸ் தள்ளிப்போகும். முள்ளு சீத்தா ஆய்வகத் தட்டில் புற்றுசெல்லைக் கொன்றது உண்மை. மனித உடம்பில் அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. கரீபியக் கடலில் உள்ள குவாடலூப் தீவில், அந்தப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாக உண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருந்ததை 1999-இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவருக்குக் கொடுக்கப்போகும் ஊசி மருந்து ஆக்ஸாலிபிளாட்டின் என்றுதான் நினைக்கிறேன். அதன் பக்கவிளைவே விரல் நுனி மரத்துப்போவது. நரம்பைத் தொடும் இரண்டு பொருள் ஒரே நேரத்தில் வேண்டாமே.

மாத்திரை அநேகமாகக் கேப்பசிட்டாபின். அதோடு, தானாக வாங்கிய போலிக் அமில மாத்திரையோ, அது கலந்த மல்டிவைட்டமினோ சேர்ந்தால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகலாம். சத்து மாத்திரைதானே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

"கீமோ எல்லாம் ரசாயனம், இது இயற்கை" என்று அவர் சொன்னால், வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியைப் பற்றிச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் அதிலிருந்து வந்தது. பேக்ளிடாக்சல் யூ மரத்துப் பட்டையில் கிடைத்தது. செடியில் மருந்து இருக்கிறதா என்று தேடியவர்கள் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள்தான். கிடைத்ததை எடுத்து, அளவு கண்டுபிடித்து, நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் இருந்ததை வைத்துக்கொண்டார்கள்.

கீமோ தொடங்கிவிட்டால் சமையலறைக்கு நிஜமான வேலை வரும். கேப்பசிட்டாபினைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே வேளாவேளைக்கு உணவு என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. பிரிட்ஜில் இருந்து எடுத்த சாற்றை ஒரு வாய் குடித்தாலே தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போல இருக்கும், பிரிட்ஜுக்குள் கையை விட்டாலே விரல் சுரீர் என்னும். இது தெரியாமல் பயந்துபோய்க் கீமோவையே விட்டவர்கள் உண்டு. எல்லாவற்றையும் வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அந்த நாட்களில் பிரிட்ஜை நீங்களே திறங்கள். குமட்டலுக்கு இஞ்சி உதவும். 576 நோயாளிகளிடம் சோதித்தபோது, குமட்டல் மருந்தோடு சேர்த்து நாளைக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சிப் பொடி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு அதைச் செய்யலாம். வெள்ளணு குறையும் நாட்களில் பச்சை முட்டை, பாதி வெந்த இறைச்சி, வெட்டி வெகுநேரம் வைத்த பழம், வெளியில் பிழிந்த சாறு வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடு இரவானாலும், கஷாயம் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உணவால் நோய் திரும்புவதைத் தடுக்க முடியாதா என்று கேட்பார். இந்தப் புற்றுநோயில் அதற்கு நல்ல தடயங்கள் இருக்கின்றன. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்காரர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், தினம் இரண்டு முறையோ அதற்கு மேலோ சர்க்கரை சேர்த்த குளிர்பானம் குடித்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. வாரத்துக்கு ஐம்பது, அறுபது கிராம் பாதாம், வால்நட் போன்ற மரக் கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தன. இவை கவனித்துச் சொன்னவை. கொட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இந்த ஆய்வுகளில் இருந்த எல்லோரும் கீமோ எடுத்தவர்கள். உணவு உதவியது என்றால், அதற்கு மேல்தான் உதவியது.

உடற்பயிற்சிக்கு இன்னும் உறுதியான சான்று 2025-இல் வந்திருக்கிறது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்று ஆண்டு முறையான உடற்பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் வேக நடை அளவுக்கு. ஐந்து ஆண்டு முடிவில் நோயில்லாமல் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 80, மற்ற பிரிவில் 74. ஒரு மருந்துக்கு இணையான பலன் இது. உங்கள் கணவரைப் போன்றவருக்கு, என்னைக் கேட்டால், எந்தச் சாற்றையும்விட இது பொருத்தம்.

இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கணவர் கையிலேயே கொடுங்கள், அவரே கேட்கட்டும். ஆறு மாதம் கட்டாயமா, மூன்று மாதம் போதுமா? இது அசட்டுக் கேள்வி இல்லை. 12,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. கட்டி ஆழமாகப் போகாமல், மூன்று கணுக்கள் வரையே பாதித்திருந்தவர்களுக்கு, ஊசியும் மாத்திரையும் சேர்ந்த இந்தக் கீமோவில் மூன்று மாதமே ஏறக்குறைய ஆறு மாதம் அளவுக்குப் பலன் தந்தது, நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது. அவர் அந்த வகையில் வருகிறாரா என்பதை, அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவின் பயாப்ஸி அறிக்கை சொல்லும். ஆறு மாதம் என்ற சொல்லைக் கேட்டு மிரண்டவர், மூன்று மாதம் என்றால் தலையசைக்கக்கூடும். அடுத்து, கேப்பசிட்டாபினை உடைக்கும் என்சைம் அவர் உடம்பில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் டிபிடி பரிசோதனை செய்வீர்களா? சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு வழக்கமான அளவு ஆபத்து. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் உணவியல் நிபுணரைப் பார்க்க எழுதித் தருவீர்களா? மாத்திரை, பொடி, கஷாயம் எல்லாவற்றின் புட்டியையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, மேஜையில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தச் சண்டை. உடம்பு அவருடையது, கடைசி முடிவும் அவருடையதுதான். கத்தினால் அவர் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார். ஒளித்துச் சாப்பிடுவதுதான் கீமோ நேரத்தில் நான் மிகவும் பயப்படுவது. "நீங்கள் சாப்பிடுவது எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும், நான் தடுக்க மாட்டேன், டாக்டரிடம் சேர்ந்து கேட்போம்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாம் கேட்டபிறகும் கீமோ வேண்டாம் என்றே சொன்னால், ஆஸ்பத்திரித் தொடர்பை மட்டும் அறுக்க விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொல்லும் இடைவெளியில் சிடி ஸ்கேன், இதற்காவது சம்மதம் வாங்குங்கள். எட்டு வாரம் முடிவதற்குள் மனம் மாறினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.